பாதுகாப்பு விசா மறுக்கப்பட்டு நீதிமன்றம் போகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், புதிதாகச் சட்டத்தரணித் தொழிலுக்கு வந்த தம்பி ஒருவர், அகதிப் பாதுகாப்பு விசா மறுப்பை எதிர்த்து அவுஸ்திரேலிய நீதிமன்றத்தில் தான் தாக்கல் செய்யவிருந்த மனுவைக் கொண்டுவந்து காட்டினார். காரணங்கள் பகுதியில் ஒரே வரி: "விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் பிழையாகச் சொன்னார்." பதினைந்து வருடத்துக்கு முதல் நானும் இதே வரியைத்தான் எழுதினேன். படிவத்தில் கையெழுத்தை மறப்பது போன்றவற்றைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அவற்றைப் பதிவகமே பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும்.

ஒலிப்பதிவைக் கேட்காமல் மனு எழுதுவது

அப்போதைய என் கட்சிக்காரர் வன்னியைச் சேர்ந்தவர். விசா மறுப்பை மறுபரிசீலிக்கும் தீர்ப்பாயத்தில் "ஆமி என்னைக் கூட்டிக்கொண்டு போனது" என்றார். அது ஆங்கிலத்தில் "நான் ஆமியோடு போனேன்" என்று போய்ச் சேர்ந்தது. முதல் வாக்குமூலத்தில் "பிடித்துக்கொண்டு போனார்கள்" என்று இருந்தது. முரண்பாடு என்றார்கள், நம்பத்தகுந்தவர் அல்ல என்றார்கள். அதன்பிறகு அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை.

பிழை நடந்தது உண்மை. ஆனால் நீதிபதி கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை. எந்தச் சொல்? எத்தனையாவது நிமிடம்? சரியான மொழிபெயர்ப்பு எது, அதைச் சொல்வது யார்? மனு தள்ளுபடியானது, எதிர்த்தரப்பின் செலவும் அவர் தலையில் விழுந்தது. விசாரணையின் ஒலிப்பதிவுத் தட்டு அவர் வீட்டு அலுமாரியில் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. நான் கேட்டிருந்தால் மறுநாளே தந்திருப்பார். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஆகவே ஒலிப்பதிவை எடுத்து, முழுவதையும் கேளுங்கள். நிமிடத்தைக் குறியுங்கள். தகுதிபெற்ற வேறொரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு தமிழில் சொன்னது, ஆங்கிலத்தில் போனது, போயிருக்க வேண்டியது என மூன்றையும் எழுதுவித்து, சத்தியக் கடதாசியோடு இணையுங்கள். பிறகு தீர்ப்பாயத்தின் தீர்ப்பில் எந்தப் பந்தி அந்தப் பிழையில் தங்கி நிற்கிறது என்று காட்டுங்கள். அந்தப் பிழை இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்க நியாயமான சாத்தியம் இருந்ததா என்பதே கேள்வி. 2024இல் அவுஸ்திரேலிய உயர் நீதிமன்றம் எல்பிடிடி (LPDT) என்ற வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பந்தி இலக்கம் இல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது.

கதையை மறுபடி சொல்வது

ஊரில் உங்களுக்கு நடந்தது உண்மையா என்று நீதிமன்றம் தீர்மானிக்காது. நியாயாதிக்கத் தவறு, அதாவது சட்டம் தந்த அதிகாரத்தின் எல்லையைத் தீர்ப்பாயம் மீறிய தவறு, இருக்கிறதா என்று மட்டுமே பார்க்கும். குடிவரவுச் சட்டத்தின் 474ஆம் பிரிவு நீதிமன்றக் கதவை அடைக்கப் பார்த்தது. அப்படிப்பட்ட தவறுள்ள முடிவை அந்தப் பிரிவு காப்பாற்றாது என்று 2003இல் எஸ்157 வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னதால்தான் இந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. "என்னை நம்பவில்லை" என்பது மட்டும் போதாது. நீங்கள் தெளிவாக முன்வைத்த ஒரு கோரிக்கையைத் தீர்ப்பாயம் ஆராயாமலே விட்டிருந்தால், அதைப் பிடியுங்கள்.

வென்றாலும் விசா கையில் வராது. வழக்கு திரும்பத் தீர்ப்பாயத்துக்குப் போகும். கட்சிக்காரரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஊரிலிருந்து புதிதாக வந்த கடிதம்

தீர்ப்பாயம் காணாத கடிதம் இங்கே உதவாது.

35 நாள்

மனுவைத் தாக்கல் செய்ய உள்ள காலம் இது. தீர்ப்பாயத்தின் முடிவில் இடப்பட்டிருக்கும் திகதியிலிருந்து எண்ணுங்கள், கடிதம் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அல்ல. பிந்திவிட்டால் காலநீடிப்பை எழுத்தில், காரணத்தோடு கேட்க வேண்டும். நீதிபதி அதை மறுத்தால் மேல்முறையீடு கிடையாது.

குடிவரவு முகவர்

சட்டத்தரணியாக இல்லாத முகவர் நீதிமன்றத்தில் உங்களுக்காக வாதாட முடியாது.

அந்தத் தம்பி ஒலிப்பதிவோடு திரும்பி வந்தார். இருவரும் இருந்து கேட்டோம். 41ஆவது நிமிடத்தில் கட்சிக்காரர் "அத்தான் இயக்கத்தில இருந்தவர்" என்கிறார், ஆங்கிலத்தில் "கசின்" என்று போகிறது. அவர் சொன்னது அக்காவின் கணவரை. தீர்ப்பைப் புரட்டினோம். "முன்னர் மைத்துனர் என்றார், இப்போது வேறு உறவு சொல்கிறார்" என்று 58ஆம் பந்தியில் இருந்தது. தம்பி பேனையை எடுத்து அந்த ஒற்றை வரியை வெட்டினார். 35 நாளில் இன்னும் ஒன்பது நாள் மிச்சம் இருந்தது.