இணையத் தொலைபேசியும் மரபுவழித் தொலைபேசியும் ஒத்தியங்க: தரநிலை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மரபுவழித் தொலைபேசி வலையமைப்பும் இணையத் தொலைபேசியும் சந்திக்கும் இடத்தில் கேட்வே என்னும் கருவி இருக்கிறது. அதன் ஒரு பக்கத்தில், பழைய வலையமைப்பில் அழைப்புகளை அமைத்துத் துண்டிக்கும் எஸ்.எஸ்.7 குடும்பத்தைச் சேர்ந்த ஐசப் (ISUP) சமிக்ஞைகளும், மறுபக்கத்தில் இணையத்தில் அதே வேலையைச் செய்யும் சிப் (SIP) நெறிமுறையின் செய்திகளும் வந்துபோகின்றன. இவ்விரண்டுக்கும் பாலமாக ஒரு தரநிலையை எழுத முற்படுவோர் முதலில் செய்யும் தவறு, இரு மொழிகளுக்கு அகராதி தொகுப்பதைப் போல் ஓர் அட்டவணையைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று கருதுவது. அழைப்பைத் தொடங்கும் ஐ.ஏ.எம். செய்திக்கு இன்வைட், மறுமுனையில் எடுத்துவிட்டதைத் தெரிவிக்கும் ஏ.என்.எம். செய்திக்கு 200 ஓகே, துண்டிக்கும் ஆர்.இ.எல். செய்திக்கு பை என்று எழுதிவிடலாம்தான். இணைய நெறிமுறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு 2002 டிசம்பரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 3398 என்னும் ஆவணம் இந்தப் பொருத்தங்களைத் தருகிறது. இருந்தும் அந்த ஆவணம் 60 பக்கங்களுக்கு மேல் நீள்கிறது என்றால், ஒரு செய்தி எந்தக் கட்டத்தில் வந்தால் என்ன பொருள், வராமலே போனால் எவ்வளவு நேரம் காத்திருப்பது, அதன்பின் யார் என்ன செய்வது என்பவற்றைச் சொல்லவே அவ்வளவு இடம் தேவைப்பட்டிருக்கிறது.

யார் செய்வது என்ற கேள்வியைத் தவறவிடுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய பிழை. அழைப்பவர் காதில் கேட்கும் மணியோசையையே எடுத்துக்கொள்வோம். பழைய வலையமைப்பில் அந்த ஓசையை உருவாக்குவது அழைக்கப்படுபவரின் பக்கத்து எக்ஸ்சேஞ்ச். அது குரல் செல்லும் அதே சுற்றின் வழியாகத் திரும்பி வருகிறது. சிப்பில் மணி அடிக்கிறது என்னும் 180 என்ற பதில் மட்டுமே வரலாம். அப்போது ஓசையை அழைப்பவரின் கருவியே எழுப்பிக்கொள்ள வேண்டும். இணையத்திலிருந்து பழைய வலையமைப்புக்குப் போகும் அழைப்பில், கேட்வே 180ஐயும் அனுப்பி, எக்ஸ்சேஞ்சின் ஓசையையும் குரல் பாதையில் விட்டால், எதை ஒலிப்பது என்று கருவி குழம்புகிறது. எதிர்த்திசையில் நிலைமை இன்னும் மோசம்: சிப் கருவி எந்த ஓசையையும் அனுப்பாது, பழைய எக்ஸ்சேஞ்சோ ஓசை மறுமுனையிலிருந்து வரும் என்று காத்திருக்கும். கேட்வேயே அதை உருவாக்க வேண்டும் என்று தரநிலை சொல்லாவிட்டால், அழைத்தவர் முழு அமைதியைக் கேட்டுவிட்டு இணைப்பு பழுது என்று நினைத்து வைத்துவிடுவார்.

அழைப்பு எடுக்கப்படுவதற்கு முன்பே வரும் குரல் இதைவிடச் சிக்கலானது. டயல் செய்த எண் பயன்பாட்டில் இல்லை என்பது போன்ற அறிவிப்புகள் கட்டணம் தொடங்காத நிலையில் ஒலிக்கின்றன. கேட்வே அவசரப்பட்டு, எண் இல்லை என்னும் 404 என்று பதிலளித்துவிட்டால் அறிவிப்பு யார் காதிலும் விழாது. குரல் பாதையைத் திறப்பதற்காக 200 ஓகே அனுப்பிவிட்டால், இல்லாத எண்ணுக்கு அழைத்தவர் அறிவிப்பைக் கேட்டதற்காகக் கட்டணம் செலுத்துவார். இதற்காகவே 183 என்ற இடைக்காலப் பதில் இருக்கிறது. ஆனால் பாதையை எந்தத் திசையில் திறப்பது என்பதையும் சேர்த்து எழுதாத தரநிலை ஆபத்தானது. எடுக்கும் முன்பே இருபுறமும் திறந்துவிட்டால், எடுக்காமலே பேசிக்கொள்ளும் இலவச வழியை மோசடிக்காரர்கள் விரைவில் கண்டுபிடித்துவிடுவார்கள். மேலும், செய்தி சேர்ந்ததா என்று பார்க்காத யூ.டி.பி. வழியே செல்லும் சிப்பின் இடைக்காலப் பதில்கள் தொலைந்தால் அடிப்படை நெறிமுறை அவற்றை மீண்டும் அனுப்புவதில்லை. எஸ்.எஸ்.7 பக்கத்திலோ செய்தி சேர்வதைக் கீழடுக்கே பார்த்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையில் ஊறியவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிடுகிறார்கள், ஆர்.எஃப்.சி. 3262 இந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான்.

அடுத்து, பொருத்தம் ஒருவழியில் சரியாக இருந்தால் திரும்பும் வழியிலும் சரியாக இருக்கும் என்று கொள்வது. ஓர் அழைப்பு ஏன் முறிந்தது என்பதைப் பழைய வலையமைப்பு கியூ.850 காரண எண்களால் சொல்கிறது. 17, அதாவது எண் பிஸி, சிப்பில் 486 ஆகி, மறுமுனையில் மீண்டும் 17 ஆகிறது. இது நல்ல கதை. ஆனால் மணி அடித்தும் எடுக்கவில்லை என்னும் 19, சந்தாதாரர் தொடர்பில் இல்லை என்னும் 20 ஆகிய இரண்டுமே 480 ஆகின்றன; அந்த 480 பழைய வலையமைப்புக்குத் திரும்பும்போது, மறுமுனை பதிலளிக்கவே இல்லை என்னும் 18 ஆகிவிடுகிறது. சுற்று காலியில்லை என்னும் 34ஓ 503 ஆகிப் பின் தற்காலிகப் பழுது என்னும் 41 ஆக வெளிவருகிறது. இரண்டு கேட்வேகளுக்கு நடுவே இணையம் வெறும் இடைவழியாக இருக்கும் அழைப்புகளில், பழுது எங்கே என்று தேடுபவரை இது தவறான இடத்துக்கு அனுப்பும். காரண எண்ணை அப்படியே சுமந்து செல்லும் ரீசன் என்னும் தலைப்பு வரி ஆர்.எஃப்.சி. 3326இல் இருக்கிறது, அதை விருப்பத் தேர்வாக விட்டுவிடாமல் கட்டாயமாக்குவது நல்லது. ஐசப் செய்தி முழுவதையும் சிப்புக்குள் பொதிந்து அனுப்பும் முறையும் உண்டு. ஐ.இ.டி.எஃப்.பின் சிப்-டி, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யூ.வின் சிப்-ஐ என்று அதற்கே இரண்டு வடிவங்கள் வந்துவிட்டன என்பது தனி வருத்தம். அதே இரு அமைப்புகள் மெகாகோ அல்லது எச்.248 என்னும் கேட்வே கட்டுப்பாட்டு நெறிமுறையைச் சேர்ந்தே உருவாக்கியவைதாம். பொதிந்து அனுப்புவதிலும் ஒரு கண்ணி இருக்கிறது: ஐசப்புக்கு நாட்டுக்கு நாடு வேறுபட்ட வடிவங்கள் உண்டு, மறுமுனைக்குத் தெரியாத வடிவத்தில் பொதிந்தால் அது வெறும் சுமை.

எண்கள் எளிய விஷயம் என்று நினைப்பவர்கள் இங்கே வழுக்குகிறார்கள். இ.164 என்னும் பன்னாட்டு வடிவ எண் அதிகபட்சம் 15 இலக்கங்கள் கொண்டது. அதன் நீளம் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஜெர்மனி, ஆஸ்திரியா போன்ற நாடுகளில் எண்ணின் நீளம் மாறக்கூடியது என்பதால், இலக்கங்கள் டயல் செய்யச் செய்யச் சிறு சிறு பகுதிகளாக அனுப்பும் வழக்கம் உண்டு. சிப்போ முழு எண்ணும் ஒரே இன்வைட்டில் வரும் என்று எதிர்பார்க்கிறது. கேட்வே சில விநாடிகள் காத்திருந்து சேர்த்து அனுப்பினால் இணைப்பு தாமதமாகிறது. காத்திருக்காமல் அனுப்பினால் எண் போதவில்லை என்னும் 484 பதில் திரும்பிவருகிறது. ஆர்.எஃப்.சி. 3578 இதற்கு வழி சொல்கிறது. உள்ளூர் வடிவ எண்ணை, அது எந்தப் பகுதிக்கு உரியது என்னும் சூழல் குறிப்பு இல்லாமல் வலையமைப்பின் எல்லைக்கு வெளியே அனுப்ப அனுமதிப்பதும் இதே வகைப் பிழை.

குரலைக் கொண்டுபோவது மட்டுமே வேலை என்ற எண்ணம் தொலைபேசிக் கம்பியில் போகும் மற்றவற்றை மறக்கச் செய்கிறது. குரலை விநாடிக்கு 8 கிலோபிட் வேகத்துக்குச் சுருக்கும் ஜி.729 போன்ற கோடெக் பொத்தான் ஓசைகளைச் சிதைத்துவிடும் என்பதால்தான் அவற்றைத் தனி நிகழ்வுகளாக அனுப்பும் முறை ஆர்.எஃப்.சி. 2833இலும், பிறகு 4733இலும் வகுக்கப்பட்டது. அந்த நிகழ்வையும் அனுப்பி, ஓசையையும் குரலிலிருந்து நீக்காமல் விட்டால், மறுமுனையில் உள்ள தானியங்கி அமைப்பு ஒரே பொத்தானை இருமுறை எண்ணிக்கொள்ளும். ஃபேக்ஸுக்கும் அப்படித்தான், அதை இணையம் வழியே அனுப்பும் முறையான டி.38ஐக் கணக்கில் கொள்ளாத தரநிலை பாதி வழியில் அறுந்த பக்கங்களைத்தான் தரும். எதிரொலி விஷயம் சுவையானது. இருகம்பி, நாற்கம்பிப் பாதைகள் சேருமிடத்தில் எழும் எதிரொலி பழைய வலையமைப்பில் பிறந்தது. குறைந்த தாமதத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. பாக்கெட் வலையமைப்பின் தாமதம் சேர்ந்ததும் அது காதில் விழுகிறது, பழி இணையத்தின் மேல் விழுகிறது. அந்த எதிரொலியை, அது எழும் இடத்துக்கு அருகில் நிற்கும் கேட்வேதான் ஜி.168 தரத்தில் நீக்க வேண்டும்.

பொறுப்பைத் தெளிவாக எழுதுவதற்கு, குரலை எண்களாக்கும் ஜி.711 தரநிலை நல்ல முன்மாதிரி. ஏ-லா, மியூ-லா என்னும் இருவகைக் குறியாக்கங்களைக் கையாளும் வலையமைப்புகள் சந்தித்தால், மாற்றித் தருவது மியூ-லா பக்கத்தின் வேலை என்று அது ஒரே விதியாகச் சொல்லிவிடுகிறது. அழைப்பவரின் அடையாளத்துக்கு அப்படி ஒரு தெளிவு நெடுங்காலம் இருக்கவில்லை. பழைய வலையமைப்பில் ஒரு சில நிறுவனங்கள் ஒன்றையொன்று நம்பியதால் எண்ணும் நம்பப்பட்டது. இணையம் வழியே யார் வேண்டுமானாலும் எந்த எண்ணையும் போட்டு அனுப்பலாம் என்றானதும் அந்த நம்பிக்கை காலாவதியானது. 2018இல் வந்த ஆர்.எஃப்.சி. 8224 எண்ணுக்கு டிஜிட்டல் கையொப்பமிட வழி செய்தது. எனினும் நடுவில் ஒரே ஒரு பழைய இணைப்பு வந்தாலும், அதில் கையொப்பத்துக்கு இடமில்லாததால் அது கழன்றுவிடுகிறது. 2021இல் வெளியான ஆர்.எஃப்.சி. 8816 கையொப்பத்தைத் தனிப்பாதையில் அனுப்பும் ஏற்பாட்டைச் சொல்வது இதனால்தான். அவசர அழைப்பில் இருப்பிடமும் இவ்வாறே: கம்பி எங்கே முடிகிறதோ அதுவே முகவரி என்ற பழைய உறுதி, கருவியோடு இடம்பெயரும் இணைய எண்ணுக்குப் பொருந்தாது.

இவ்வளவையும் எழுதிய பிறகும், "செய்யலாம்" என்ற சொல்லைத் தாராளமாக இறைத்துத் தரநிலையைக் கெடுத்துவிட முடியும். விதிக்கு முற்றிலும் உட்பட்ட இரண்டு கருவிகள் வெவ்வேறு விருப்பத் தேர்வுகளை எடுத்துக்கொண்டு ஒன்றோடொன்று பேச மறுப்பது இத்துறையில் புதிதல்ல. எது கட்டாயம் என்று குறுக்கிச் சொல்லும் சிப்கனெக்ட் போன்ற பரிந்துரைகள் தேவைப்பட்டதே இதற்குச் சான்று. சோதனையும் சுமுகமான அழைப்போடு நின்றுவிடக் கூடாது. அழைத்தவர் மனம் மாறி வைத்துவிடும் அதே கணத்தில் மறுமுனையில் எடுத்தால், கேன்சலும் 200 ஓகேவும் வழியில் ஒன்றையொன்று கடந்துபோகும். அப்போது அழைத்த பக்கம் அந்த 200க்குப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லும் ஏ.சி.கே. அனுப்பி, உடனே பை அனுப்பியாக வேண்டும். இல்லாவிட்டால் எவரும் பேசாத ஓர் அழைப்பு கேட்வேயின் மறுபக்கச் சுற்றைப் பிடித்துக்கொண்டு கட்டணக் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கும்.