ரிஃப்ளெக்டிவ் ஜர்னல்: நர்சிங் மாணவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நர்சிங் படிக்கும் பிள்ளைகளுக்கு வார்டுக்குப் போகும் வாரங்களில் இரட்டை வேலை. காலை 7 முதல் மாலை 7 வரை ஷிஃப்ட். அது முடிந்தபின் ரிஃப்ளெக்டிவ் ஜர்னல், அதாவது மீள்நோக்குக் குறிப்பேடு. வார்டில் செய்ததைத் திரும்பிப் பார்த்து, எங்கே சரியாக வந்தது, எங்கே கை தடுமாறியது, ஏன் என்று எழுதும் இந்தப் பயிற்சி, கைத்திறனை வளர்க்கவே பாடத்திட்டத்தில் இருக்கிறது. ஆனால் பல ஜர்னல்களில் "கை கழுவினேன், செய்யப்போவதை விளக்கினேன், நோயாளி நன்றி சொன்னார்" என்ற மூன்று வரிதான் வாராவாரம் திரும்ப வருகிறது. மதிப்பெண் விழலாம். கை தேறாது.

ஜர்னலை அளக்க ஒரே அளவுகோல் போதும்: இதை எழுதியதால் அடுத்த ஷிஃப்டில் நீங்கள் எதையாவது வேறு மாதிரி செய்கிறீர்களா? கீழே சொல்லும் தவறுகள் எல்லாம் அந்தக் கேள்விக்கு "இல்லை" என்ற பதிலை வரவழைப்பவை.

தீர்ப்பை எழுதிவிட்டு, நடந்ததை எழுதியதாக நினைப்பது

அதிகமாகக் காணப்படுவதும், அதிகமாகக் கெடுப்பதும் இதுதான். ஒரு மாணவி எழுதுகிறார்: "பிரஷர் பார்க்கும்போது நோயாளி ஒத்துழைக்கவில்லை." இதில் நடந்தது எதுவுமே இல்லை. அவர் போட்ட தீர்ப்பு மட்டும் இருக்கிறது. அதே நிகழ்வை இப்படி எழுதிப் பாருங்கள்:

"கட்டிலில் எழுபது வயது தாண்டிய கோகோ. நான் ஆங்கிலத்தில் 'கையை ஆட்டாதீங்க' என்றேன். கஃபில் காற்று ஏறியதும் கையை இழுத்துக்கொண்டு 'குபுஹ்லுங்கு' என்றார். நான் மறுபடியும் கஃபைக் கட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்."

ஜூலு மொழியில் கோகோ என்றால் பாட்டி, குபுஹ்லுங்கு என்றால் "வலிக்கிறது". இப்போது கேள்விகள் தானாக எழுகின்றன. வலி எங்கே? அந்தக் கையில் ட்ரிப் ஓடுகிறதா? கஃப் (கையில் சுற்றும் பட்டை) சிறியதா? கஃபின் உள்ளே இருக்கும் காற்றுப்பை, கையின் சுற்றளவில் அகலத்தில் ஏறக்குறைய 40 சதவீதமும் நீளத்தில் 80 சதவீதமும் இருக்க வேண்டும். பருமனான கையில் சிறிய கஃபைக் கட்டினால் வலிக்கவும் செய்யும், பிரஷரும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். "ஒத்துழைக்கவில்லை" என்ற ஒரு சொல்லின் அடியில், தவறான ரீடிங் ஒன்றே ஒளிந்திருக்கக்கூடும்.

எனவே முதல் பத்தியில் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டும் இருக்கட்டும். பேசிய சொற்களைப் பேசியபடியே போடுங்கள். பிடிவாதம், சோம்பல், பயம், முரட்டுத்தனம் போன்ற சொற்கள் வந்தால் அடித்துவிட்டு, எதைப் பார்த்து அப்படி நினைத்தீர்கள் என்று எழுதுங்கள்.

நம் சொந்த மொழிக்காரர்களிடம் இதே தவறு வேறு உருவில் வரும். டர்பனில் இந்தியர் அதிகம் வாழும் ஃபீனிக்ஸிலிருந்தோ சாட்ஸ்வொர்த்திலிருந்தோ வந்த ஒரு ஆயா (பாட்டி), இன்சுலின் ஊசியைப் பற்றிச் சொன்னதற்கெல்லாம் "சரி கண்ணு, சரி கண்ணு" என்று தலையாட்டுவார். மாணவி "நோயாளி புரிந்துகொண்டார்" என்று எழுதிவிடுவார். ஆயா காட்டியது மரியாதை. புரிந்ததா என்பது, "ஆயா, வீட்டுல எப்படிப் போடுவீங்க, எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால்தான் தெரியும். கேட்டீர்களா இல்லையா என்பதை எழுதுங்கள்.

ஆறு கட்டத்தையும் சரிசமமாக நிரப்புவது

1988இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த சுழற்சியைத்தான் பல கல்லூரிகள் கொடுக்கின்றன: நடந்தது, உணர்ந்தது, நல்லதும் கெட்டதும், அலசல், முடிவு, அடுத்த திட்டம். படிவத்தில் ஆறு பெட்டியும் ஒரே அளவில் இருப்பதால் மாணவர்களும் ஆறிலும் நான்கு நான்கு வரி எழுதுகிறார்கள். 500 சொல் எழுதினால், நடந்ததற்கு 100 சொல் தாராளம். அலசலுக்கும் திட்டத்துக்கும் சேர்த்து 300 வேண்டும். உழைப்பு முழுவதும் அங்கேதான்.

அலசல் என்றால் என்ன? கேனுலா, அதாவது வெயினில் (ரத்தநாளத்தில்) செருகும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய், போடுவதை எடுத்துக்கொள்வோம். "வெயின் வெடித்துவிட்டது, வயதானவர்களுக்கு வெயின் மெலிதாக இருக்கும்" என்று எழுதினால் பழி நோயாளியின் மேல் விழுகிறது. எழுதியவருக்குக் கற்க ஒன்றும் மிஞ்சாது. எந்தக் கணத்தில் என்ன கண்டீர்கள் என்று பிரித்துக் கேளுங்கள்.

ரத்தம் பின்னால் தெரிந்தது, ஆனால் கேனுலாவைத் தள்ளினால் போகவில்லை என்றால், ஊசியின் முனை மட்டும் வெயினுக்குள் இருந்திருக்கலாம். ஊசி முனை பிளாஸ்டிக் குழாயைவிடச் சற்று நீண்டிருக்கும். ரத்தம் தெரிந்ததும் கோணத்தைத் தாழ்த்தி, ஊசியும் குழாயும் சேர்ந்தே இன்னும் 2, 3 மில்லிமீட்டர் உள்ளே போன பிறகுதான் குழாயை மட்டும் நகர்த்த வேண்டும். அந்தச் சிறு நகர்வு விடுபட்டிருக்கும்.

ரத்தம் தெரிந்த பின் நகர்த்தும்போதே தோல் உப்பியது என்றால், கோணத்தைத் தாழ்த்தாமல் தள்ளியதில் ஊசி வெயினின் பின்சுவரைத் துளைத்திருக்கலாம். குழாய் சுலபமாகப் போய், சலைன் ஏற்றும்போது மட்டும் உப்பியது என்றால், குழாயின் முனை வெளியே இருக்கிறது அல்லது சுவர் கிழிந்திருக்கிறது. ஊசி நுழைந்த உடனேயே நீலமாகப் பரவியது என்றால் டூர்னிகேயை (வெயின் புடைக்கக் கையில் கட்டும் பட்டை) பாருங்கள்: குத்தும் இடத்துக்கு நான்கைந்து விரற்கடை மேலே கட்டினீர்களா, முதியவரின் மெல்லிய தோலில் தேவைக்கு மேல் இறுக்கினீர்களா, வெயினைத் தேடிக்கொண்டே ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டுவிட்டீர்களா?

நான்கு அடையாளம், நான்கு காரணம். திருத்தமும் நான்கு விதம். "இன்னும் பயிற்சி தேவை" என்று எழுதி முடிப்பவர், எதைப் பயில வேண்டும் என்று தெரியாமலே அதே தவறைப் பயில்வார்.

காரணத்தைத் தவறாகப் பிடிப்பதும் உண்டு. காய்ச்சலோடு வந்த குழந்தைக்குப் பனாடோ (பாரசிட்டமால்) சிரப். கிலோவுக்கு 15 மி.கி. என்ற கணக்கு. மாணவர், குழந்தையின் எடையைப் பதியும் ரோட் டு ஹெல்த் புத்தகத்தில் கடைசியாக எழுதியிருந்த 10 கிலோவை எடுத்து, 150 மி.கி. என்று கணக்கிட்டு, 5 மி.லி.யில் 120 மி.கி. உள்ள சிரப்பில் 6.25 மி.லி. அளந்தார். சிஸ்டர் குழந்தையை எடை மேடையில் வைத்தார்: 12 கிலோ. வேண்டியது 180 மி.கி., அதாவது 7.5 மி.லி. ஜர்னலில் மாணவர் எழுதியது: "இனி கணக்கை இருமுறை சரிபார்ப்பேன்." கணக்கு சரியாகத்தான் இருந்தது! கணக்கில் போட்ட எடை மூன்று மாதப் பழையது. நூறு முறை சரிபார்த்தாலும் 6.25தான் வரும். எழுதியிருக்க வேண்டியது: "புத்தகத்து எடையின் தேதியைப் பார்க்கவில்லை. மேடை அறையின் மறுகோடியில் இருந்தது, குழந்தை தாயின் மடியில் அழுதது, அதனால் எடை பார்ப்பதைத் தவிர்த்தேன்." பாரசிட்டமாலில் இந்த வித்தியாசம் பெரிய ஆபத்தில்லை. அளவு துல்லியமாக இருக்க வேண்டிய ஜென்டாமைசின் போன்ற மருந்தில் அதே பழக்கம் வேறு விளைவைத் தரும்.

அலசலில் குறைந்தது ஓர் இடத்திலாவது வெளியிலிருந்து ஓர் ஆதாரம் வரட்டும். தேசிய சுகாதாரத் துறையின் நிலையான சிகிச்சை வழிகாட்டி, வார்டின் எழுத்து வடிவ நடைமுறை, பாடப்புத்தகம், எது வேண்டுமானாலும் இருக்கலாம். "சிஸ்டர் இப்படித்தான் செய்தார்" என்பது ஆதாரம் ஆகாது. சிஸ்டர் செய்தது வழிகாட்டியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதும் மீள்நோக்கின் பகுதிதான்.

"அடுத்த முறை கவனமாக இருப்பேன்"

இந்த வாக்கியத்தை ஜர்னலில் தடை செய்தாலே பாதி வேலை முடியும். கவனம் என்பது நல்லெண்ணம். திட்டத்தில் செயல், எண்ணிக்கை, பார்ப்பவர் மூன்றும் இருக்க வேண்டும்.

சுவாசம் எண்ணுவது நல்ல எடுத்துக்காட்டு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. 5 மூச்சு என்றால் 20. 6 என்றால் 24. 7 என்றால் 28. நோயாளியின் நிலை மோசமாவதை மதிப்பெண்ணால் காட்டும் பிரிட்டனின் நியூஸ் 2 எச்சரிக்கை அளவுகோலில் 20க்கு மதிப்பு 0, 24க்கு 2, 28க்கு 3. ஒரு மூச்சைத் தவறவிட்டாலோ கூட்டி எண்ணினாலோ, டாக்டரைக் கூப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவே மாறிவிடும். இதை உணர்ந்த மாணவியின் திட்டம் இப்படி இருக்கலாம்:

"அடுத்த 5 நோயாளிகளுக்கு முழு 60 விநாடி எண்ணுவேன். எண்ணுவது தெரிந்தால் மூச்சின் போக்கு மாறும், ஆகவே நாடி பார்த்த கையை விடாமலே மார்பைக் கவனிப்பேன். அதில் 2 பேருக்கு சிஸ்டரையும் அதே நேரம் தனியாக எண்ணச் சொல்வேன். வித்தியாசம் 2க்கு மேல் வந்தால் இன்னும் 5 பேருக்குச் செய்வேன்."

வெள்ளிக்கிழமைக்குள் நடந்ததா இல்லையா என்று யாரும் சரிபார்க்கலாம்.

தாமதம்

ஞாயிறு இரவு ஐந்து ஷிஃப்டையும் நினைவிலிருந்து எழுதினால், மனம் இடைவெளிகளைத் தானே இட்டு நிரப்பிவிடும். ஷிஃப்ட் முடியும் முன் ஐந்தாறு சொல் குறித்துக்கொள்ளுங்கள், 24 மணி நேரத்துக்குள் எழுதுங்கள். வாரத்துக்கு ஐந்து மேலோட்டமான பதிவைவிட ஒன்று ஆழமாக இருந்தால் போதும். தவறியதை மட்டுமே எழுத வேண்டும் என்பதும் இல்லை. கடினமான கையில் கேனுலா முதல் முறையிலேயே ஏறியது என்றால், ஏன் ஏறியது என்று தெரியாதவரை அது அதிர்ஷ்டம்தான்.

எழுத்தை ஏஐ செயலியிடம் கொடுப்பவர்கள் இப்போது அதிகம். மொழி பளபளக்கும். ஆனால் அந்தக் கட்டிலின் அருகில் அது நிற்கவில்லை. கோணத்தைத் தாழ்த்தினீர்களா என்பது அதற்கு எப்படித் தெரியும்?

உணர்வை எழுதி அங்கேயே நிற்பது

"மனசுக்குக் கஷ்டமாக இருந்தது" என்பது தொடக்கம் மட்டுமே. அந்தக் கஷ்டம் உங்கள் கையை என்ன செய்ய வைத்தது? உறவினர்கள் சுற்றி நின்றதால் பதற்றம், பதற்றத்தில் கிருமிநாசினி காயும் முன்பே ஊசியைக் குத்தினேன் என்றால் அந்த உணர்வுக்கும் திறனுக்கும் உள்ள முடிச்சு தெரிகிறது. மரணத்தைப் பார்த்த நாட்களில் மட்டும் இந்த விதியைத் தள்ளி வையுங்கள். அன்று ஜர்னல் இரண்டாம் பட்சம். முதலில் பயிற்றுநரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

யார் என்று தெரியும்படி எழுதுவது

பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். சாட்ஸ்வொர்த் போன்ற ஊரில் போதாது. "ஆர்.கே. கான் மருத்துவமனை, மார்ச் 14, யூனிட் 3 பகுதிக் கோயிலில் காவடிப் பாட்டுப் பாடுபவரின் மனைவி, எச்.ஐ.வி. மருந்து நிறுத்தியவர்" என்றால் பெயர் எதற்கு? பஜனைக்குப் போகும் யாரும் அடையாளம் கண்டுவிடுவார்கள். எச்.ஐ.வி., காசநோய், கருக்கலைப்பு, தற்கொலை முயற்சி ஆகியவற்றில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டம் நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கிறது. மக்கள் "போப்பியா" என்று சொல்லும், 2013இல் இயற்றப்பட்ட தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புப் பாதுகாப்புக்குரியதாக வைத்திருக்கிறது.

மருத்துவமனையின் பெயர், தேதி, வார்டு, கட்டில் எண், ஊர், தொழில் எதுவும் வேண்டாம். வயதை "அறுபதுகளில்" என்று எழுதுங்கள். கற்றலுக்குத் தேவையில்லாத நோய் விவரத்தை விட்டுவிடுங்கள். சார்ட்டைப் போனில் படம் எடுத்து வீட்டில் பார்த்து எழுதுவதும், ஜர்னல் பக்கத்தை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் கூடவே கூடாது.

அறிக்கைக்குப் பதில் ஜர்னல்

மருந்து மாறியது, நோயாளி விழுந்தார், ஊசி உங்கள் விரலில் குத்தியது என்றால் முதலில் சிஸ்டரிடம் உடனே சொல்ல வேண்டும், பிறகு நோயாளர் பாதுகாப்பு நிகழ்வுப் படிவம். ஊசிக் குத்துக்கு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் கடந்தால் பொதுவாகத் தொடங்குவதில்லை. ஜர்னலில் எழுதி வார இறுதியில் பயிற்றுநர் படிக்கக் காத்திருக்கும் விஷயமல்ல இது.

பயிற்றுநர்கள் செய்வது

மாணவரைக் கெடுப்பதில் எங்களைப் போன்ற பயிற்றுநர்களுக்கும் பங்குண்டு. தன் தவறை நேர்மையாக எழுதிய மாணவிக்கு மதிப்பெண்ணைக் குறைத்தால், அடுத்த வாரத்திலிருந்து எல்லாப் பக்கமும் இனிப்பாகவே வரும். ஆங்கில இலக்கணத்தைத் திருத்தி "நன்று" என்று எழுதித் திருப்பிக் கொடுப்பதும் பயனற்றது. அலசலுக்கும் திட்டத்துக்குமே பெரும்பகுதி மதிப்பெண் கொடுங்கள். ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள்: "எந்தக் கணத்தில் உப்பியது?" என்பது போல. அதை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். மாதம் கழித்து வரும் கேள்விக்கு மாணவியின் நினைவில் பதில் இருக்காது.

ஷிஃப்ட் முடிவில் 15, 20 நிமிடக் கலந்துரையாடல் நடத்தினால், ஜர்னலில் எழுதியதை எழுதியவரின் சம்மதமில்லாமல் அங்கே எடுக்காதீர்கள்.

ஜர்னல் நோட்டில் வலது பக்கத்தில் மட்டும் எழுதச் சொல்லி, இடது பக்கத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். இரண்டு வாரம் கழித்து, திட்டமிட்டதைச் செய்தார்களா, என்ன ஆயிற்று என்று அங்கே எழுதட்டும். இடது பக்கம் அப்போதும் காலியாக இருந்தால், அடுத்த வார்டு நாளில் அந்தத் திறனை அந்த மாணவி செய்யும்போது பயிற்றுநர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.