டைனோசர் எலும்புக்கூடு பார்க்க வெளிநாடு வேண்டாம்

பிள்ளைகளுக்கு டைனோசர் எலும்புக்கூடு காட்டணும்னா, சென்னையில் இரவு ரயில் ஏறுங்கள், காலையில் ஐதராபாத், அங்கே பிர்லா அறிவியல் அருங்காட்சியகத்தில் கோட்டாசாரஸ் என்ற டைனோசரின் எலும்புக்கூடு நிற்கிறது. விமான டிக்கெட், விசா செலவெல்லாம் மிச்சம். தெலங்கானாவில் யமனப்பள்ளி கிராமத்துப் பக்கம் தோண்டியபோது குறைந்தது 12 விலங்குகளின் எலும்புகள் கிடைத்தன, அதனால்தான் ஏறக்குறைய ஒரு முழு உடலையே கோத்து நிறுத்த முடிந்திருக்கிறது, நம் நாட்டில் இது ரொம்ப அபூர்வம். மண்டை ஓடு மட்டும் கிடைக்கவில்லை, அதனால் தலைப்பகுதி ஆய்வாளர்கள் ஊகித்துச் செய்தது, இதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டி-ரெக்ஸ் என்ற ஊன் உண்ணி டைனோசர்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் பிள்ளைக்கு இது சரிவராது. கோட்டாசாரஸ் நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி, டி-ரெக்ஸ் எலும்புகள் கிடைப்பதோ வட அமெரிக்காவில்.