ஒரு வேலைக்காரன், இரண்டு முதலாளிகள்: பழைய இத்தாலிய நகைச்சுவையை இன்றைய மேடைக்கு மாற்றுவது எப்படி?

முகமூடி போட்ட பழைய இத்தாலிய நகைச்சுவை என்றதும் பலர் முதலில் தேடுவது கட்டம் போட்ட உடையைத்தான். உடை கடைசி வேலை. முதலில் பிடிக்க வேண்டியது பசி. கார்லோ கோல்டோனி 1745இல் எழுதிய ‘இரண்டு முதலாளிகளின் வேலைக்காரன்’ நாடகத்தையே எடுத்துக்கொள்வோம், பழகிப் பார்க்க இதைவிட நல்ல நாடகம் இல்லை.

படி 1: யாருக்கு எது தெரியும் என்று எழுதுங்கள்

கதை வெனிஸில் நடக்கிறது. ஃப்ளோரிண்டோவின் கையால் இறந்துபோன அண்ணன் வேடத்தில் பியாட்ரிசே வருகிறாள். அண்ணனுக்கு வரவேண்டிய பணத்தை வியாபாரி பாண்டலோனேயிடம் வாங்க வேண்டும், காதலனையும் தேட வேண்டும். அந்தக் காதலன் வேறு யாருமல்ல, அதே ஃப்ளோரிண்டோ. இரண்டு பேரும் ஒரே விடுதியில் தங்குகிறார்கள், ஒரே ஆளை வேலைக்கு வைக்கிறார்கள், ஆனால் இது இரண்டு பேருக்கும் தெரியாது. அந்த ஆள், எப்போதும் பசியோடு திரிகிற ட்ரூஃபால்டினோ.

ஒரு தாளில் பாத்திரங்களின் பெயரை எழுதி, ஒவ்வொரு காட்சி முடிவிலும் யாருக்கு எந்த உண்மை தெரியும் என்று குறியுங்கள். வசனம், ஊர், காலம் எதை வேண்டுமானாலும் மாற்றலாம், இந்தத் தாளில் மட்டும் கை வைத்தால் மூன்றாவது காட்சியிலேயே கதை அறுந்துவிடும்.

படி 2: பொய் தேவைப்படுகிற ஊரைத் தேடுங்கள்

ஆங்கில நாடகாசிரியர் ரிச்சர்ட் பீன் இதை ‘ஒன் மேன், டூ கவ்னர்ஸ்’ என்று மாற்றினார். லண்டன் நேஷனல் தியேட்டரில் 2011இல் நிக்கலஸ் ஹைட்னர் இயக்கத்தில் அரங்கேறியது. வெனிஸுக்குப் பதில் 1963ஆம் ஆண்டின் பிரைட்டன், அதாவது ரவுடிகளும் கறுப்புப் பணமும் ஒதுங்குகிற கடற்கரை ஊர். அங்கே ஒருவர் வேறு பெயரில் திரிவதை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பாண்டலோனே சில்லறை ரவுடியாகிவிட்டார், மூல நாடகத்தில் லத்தீன் பேசி உயிரை வாங்குகிற டாக்டர் வக்கீலாகிவிட்டார். முகமூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு தொழிலை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

முகமூடியை வைத்துக்கொண்டும் செய்யலாம். மிலானின் பிக்கோலோ தியேட்டரில் ஜோர்ஜோ ஸ்ட்ரேலர் 1947இல் தொடங்கிய தயாரிப்பு அப்படித்தான் உலகம் சுற்றியது. அதில் ஃபெருச்சோ சொலேரி பல பத்தாண்டுகள் அர்லெக்கினோவாக (அந்தத் தயாரிப்பில் ட்ரூஃபால்டினோவுக்கு இதுதான் பெயர்) நடித்தார். ஆனால் தோல் முகமூடி போட்டால் முகபாவம் போய்விடும், கழுத்தும் முதுகும் பேச வேண்டும். புதியவர்கள் முகமூடி இல்லாமல் தொடங்குவதே நல்லது என்பது என் கருத்து.

படி 3: சாப்பாட்டுக் காட்சிக்கு ஒத்திகையில் பாதி நேரம் ஒதுக்குங்கள்

ட்ரூஃபால்டினோ ஒரே நேரத்தில் இரண்டு அறைகளில் இரண்டு முதலாளிகளுக்குப் பரிமாற வேண்டும், நடுவில் தானும் ஒரு வாய் தின்ன வேண்டும். மேடையில் இடப்பக்கம் ஒரு கதவு, வலப்பக்கம் ஒரு கதவு, சமையலறை வழி நடுவில். எந்தத் தட்டு எந்தக் கதவுக்குப் போகிறது, எது வழியில் காலியாகிறது என்று ஒரு பட்டியல் போட்டு, சமையலறைப் பக்கம் நிற்பவரிடம் கொடுங்கள். முதலில் வெறுங்கையோடு, அப்புறம் காலித் தட்டோடு, கடைசியில்தான் சாப்பாட்டோடு. நான் முதல் நாளே உண்மையான சூப்பை வைத்து ஒத்திகை பார்த்து, மீதி நேரம் முழுக்கத் தரையைத் துடைத்தேன்.

பீன் இந்தக் காட்சிக்கு ஒரு தள்ளாத கிழட்டு சர்வரைக் கொண்டுவந்தார். அவசரமாக ஓடுகிறவனுக்குப் பக்கத்தில் நகரவே முடியாத ஒருவரை நிறுத்தினால் வேகம் தானாக இரட்டிப்பாகத் தெரியும்.

படி 4: வயிறு நிறைந்த பிறகு என்ன?

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். சாப்பாடு கிடைத்துவிட்டால் அவன் எதற்காக ஓடுகிறான்? பீனின் நாயகன் இதைப் பார்வையாளர்களிடமே வெளிப்படையாகப் பேசிவிட்டு, இரண்டாம் பாதியில் காதலைத் துரத்தப் போகிறான். நீங்களும் இடைவேளைக்கு முன்பே அடுத்த பசியை முடிவு செய்துவிடுங்கள்.

படி 5: உரிமை

கோல்டோனியின் மூலம் யாருக்கும் பொது. பீனின் பிரதியும், சமீபத்திய மொழிபெயர்ப்புகளும் அப்படியல்ல, அனுமதி வாங்க வேண்டும்.

சரி, இன்றைக்கே ஆரம்பிக்க ஒரு சின்னப் பயிற்சி. பிரித்துவிட்ட கடிதத்தை மறுபடி ஒட்ட வேண்டும். பாட்டி ரொட்டியை மென்று ஒட்டுவாள் என்று ட்ரூஃபால்டினோவுக்கு நினைவு வருகிறது. மெல்கிறான், விழுங்கிவிடுகிறான். இன்னொரு துண்டு, அதுவும் உள்ளே போகிறது. மூன்றாவதை மிகுந்த சிரமப்பட்டு வாயிலிருந்து எடுக்கிறான். வசனமே இல்லாமல் இரண்டு நிமிடம் இதைச் செய்து பாருங்கள், அதுவும் சாப்பாட்டுக்கு முன்னால்.