மலைக்கிராமத்தில் பிரசவம்: வலி எடுப்பதற்கு முன்பே முடித்து வைக்க வேண்டியவை

2019–21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 விழுக்காடு மருத்துவமனைகளிலேயே நடக்கின்றன. ஆனால் கல்வராயன் மலையிலோ ஜவ்வாது மலையிலோ பர்கூர் மலையிலோ குடியிருக்கும் குடும்பத்துக்கு, மருத்துவமனையில் பிரசவம் ஆவது வேறு, ஆபத்து முற்றுவதற்குள் அங்கே போய்ச் சேர்வது வேறு. பிள்ளை பிறந்தபின் உதிரப்போக்கு நிற்காமல் போனால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே தாயின் உயிர் போய்விடக்கூடும். அடிவாரத்துக்கு வந்து சேரவே அவ்வளவு நேரம் பிடிக்கும் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. செரீன் ததேயுஸ், டெபோரா மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் 1994இல் இந்தச் சிக்கலை மூன்று தாமதங்களாகப் பிரித்துக் காட்டினார்கள்: போவதென்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்தபின் உரிய சிகிச்சை கிடைப்பதில் தாமதம். வலி எடுத்த இரவில்தான் இவை உண்டாவதாகத் தோன்றும். முதல் இரண்டும் பெரும்பாலும் அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகின்றன என்பதே என் உறுதியான கருத்து. அதனால் கீழே சொல்லப்படுபவற்றில் பல, வலி எடுப்பதற்கு வெகு முன்பே செய்ய வேண்டியவை.

பதிவும் அதற்குக் குறுக்கே நிற்கும் அச்சங்களும்

நாள் தள்ளிப்போனது தெரிந்ததும், 12 வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்துகொள்ளுங்கள். மலைப்பகுதிகளில் ஆஷா என்ற ஊர்மட்ட சுகாதாரப் பணியாளர் இருந்தால் அவர் வழியாகவும் செய்யலாம். பதிவு செய்தவுடன் கிடைக்கும் 12 இலக்க பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண்ணைத் தாய் சேய் அட்டையில் எழுதி வாங்குவதோடு, வீட்டில் இன்னொருவரின் கைபேசியிலும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் தேவைப்படும். மிளகு, காப்பித் தோட்ட வேலைக்காகக் கேரளத்துக்கோ குடகுக்கோ போகிற குடும்பங்கள், அட்டையை ஊரிலேயே விட்டுச் செல்லக் கூடாது. அங்குள்ள மருத்துவருக்கு உங்கள் இரத்த வகையையும் முந்தைய பிரசவத்தின் விவரத்தையும் சொல்ல அதுதான் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவி கிடைக்கிறது. அதில் 14,000 ரூபாய் தவணைகளில் பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகங்களாகவும் வரும். இந்தப் பணம் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது, ஆதாரில் ஒரு பெயரும் வங்கிக் கணக்கில் இன்னொரு பெயரும் இருப்பதால்தான். ஆகவே பெண்ணின் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, பெயரும் தலைப்பெழுத்தும் எல்லா ஆவணங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதை முதல் மூன்று மாதங்களுக்குள் சரிபார்த்துவிடுங்கள்.

வெளியே பேசப்படாத தடை இன்னொன்று உண்டு. வயது நிரம்பாத பெண் கருவுற்றிருந்தாலோ, மூன்றாவது பிள்ளை என்றாலோ, திட்டு விழும், வழக்கு வரும், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு வற்புறுத்துவார்கள் என்று அஞ்சிக் குடும்பங்கள் பதிவையே தவிர்க்கின்றன. நிதியுதவிக்கு 19 வயது நிறைவும் இரண்டு பிரசவங்கள் என்ற வரம்பும் உண்டு என்பது உண்மை. சிகிச்சைக்கு அப்படி எந்த வரம்பும் கிடையாது. 18 வயது நிரம்பாத பெண்ணென்றால் மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது; அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் இளவயதுத் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரும் ஆபத்தும், குறைமாதத்தில் பிள்ளை பிறக்கும் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம். ஒளித்து வைத்தால் வழக்கு ஒருவேளை தள்ளிப்போகலாம், அந்த ஆபத்து தள்ளிப்போகாது.

ஏழாம் மாதத்தில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். அன்று எடை, இரத்த அழுத்தம், இரத்தச்சத்து (ஹீமோகுளோபின்), சிறுநீர், குழந்தையின் இதயத்துடிப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். பார்த்ததை எண்ணாக எழுதித் தரச் சொல்லுங்கள். இரத்தச்சத்து 11க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. 7க்குக் கீழே போனால் மாத்திரை மட்டும் போதாது, ஊசி மருந்தோ இரத்தமோ ஏற்ற வேண்டியிருக்கும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் உடலில் சரியாகச் சேராது. மலம் கறுத்துப் போவதைக் கண்டு மாத்திரையை நிறுத்திவிடவும் வேண்டாம்.

ஏழாம் மாதத்தில் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள்: “இந்தப் பிரசவம் இங்கே நடக்கலாமா, சீமாங்க் மையத்துக்குப் போக வேண்டுமா?” சிசேரியன் செய்யவும் இரத்தம் ஏற்றவும் வசதியுள்ள அவசரப் பேறுகாலச் சிகிச்சை மையமே சீமாங்க். பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவற்றுக்கு வழியில்லை. முன்பு சிசேரியன் ஆனவர், இரட்டைப்பிள்ளை சுமப்பவர், இரத்த அழுத்தம் 140/90க்கு மேல் இருப்பவர், கடுமையான இரத்தசோகையோ இதயநோயோ உள்ளவர், பிள்ளை தலைகீழாகத் திரும்பாதவர் ஆகியோர் நேரடியாகச் சீமாங்க் மையம் உள்ள அரசு மருத்துவமனைக்கே போக வேண்டும். முதலில் ஓரிடம், அங்கிருந்து இன்னோரிடம் என்று அலைவதில் கழியும் மணிநேரங்கள்தான் பல தாய்மார்களைப் பலிகொள்கின்றன. பதிலை அட்டையில் எழுதி வாங்குங்கள். அதே வகை இரத்தமுள்ள இருவரின் பெயரையும் எண்ணையும் அதன் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.

முன்கூட்டியே மலையிறங்குதல்

சாலையும் வண்டியும் வேண்டும் என்று கேட்பது நியாயம், கேட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும். ஆனால் அடுத்த மாதம் பிள்ளை பெறப்போகிறவருக்கு அந்தச் சாலை உதவாது. அவரைக் காக்கக்கூடிய மிக உறுதியான வழி, நாள் குறித்ததற்கு இரண்டு வாரம் முன்பே கீழே வந்து தங்குவதுதான். பழங்குடியினர் பகுதிகளில் சில ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதற்கென்றே பிரசவ காத்திருப்பு அறைகள் உண்டு. கர்ப்பிணியும் துணைக்கு ஒருவரும் தங்கலாம், உணவும் கிடைக்கும். உங்கள் பகுதியில் எந்த நிலையத்தில் அறை இருக்கிறது என்று செவிலியரிடம் ஆறாம் மாதமே கேட்டு, பெயரைச் சொல்லி வையுங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டால் மருத்துவமனைக்கு அருகில் உள்ள உறவினர் வீட்டைப் பேசி வையுங்கள்.

அறை இருந்தும் பல குடும்பங்கள் வருவதில்லை. காரணம் அறியாமை என்று அதிகாரிகள் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்பதில்லை. மூத்த குழந்தையை யார் பார்ப்பது, ஆட்டை யார் ஓட்டிப்போவது, துணைக்கு வருபவரின் இரண்டு வாரக் கூலிக்கு என்ன செய்வது என்பவைதான் அந்த வீட்டின் உண்மையான கேள்விகள், அவற்றுக்குப் பதில் கிடைக்காதவரை எந்த அறிவுரையும் எடுபடாது. எனவே எட்டாம் மாதத்தில் குடும்பமாக உட்கார்ந்து பெயர் சொல்லி முடிவெடுங்கள்: குழந்தைக்கு சித்தி, ஆட்டுக்குக் கொழுந்தனார், துணைக்கு அம்மா. கூலி இழப்புக்கு மகளிர் குழுவில் சிறு கடன் ஏற்பாடு செய்யலாம். இன்னொரு முடிவும் அன்றே எடுக்க வேண்டும். கணவர் வெளியூரில் இருந்தால், யாருடைய சம்மதத்துக்கும் காத்திராமல் வண்டியை அழைக்கும் உரிமை வீட்டில் உள்ள பெண்களுக்கு உண்டு என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போகட்டும்.

மேலே இருக்கும்போதே வலி வந்துவிட்டால்

தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகம் வீங்குதல், வலிப்பு, எந்த அளவிலும் உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், காய்ச்சல், பிள்ளையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வலிக்காகக் காத்திருக்கக் கூடாது. 108ஐ அழைக்கும்போது மாவட்டம், வட்டம், ஊராட்சி, கிராமம் என்ற வரிசையில் சொல்லி, வண்டி வரக்கூடிய கடைசி இடத்தின் அடையாளத்தையும் சொல்லுங்கள். மாநில எல்லையோரத்தில் அண்டை மாநிலக் கோபுரத்தின் சிக்னல் பிடித்தால் அழைப்பு அங்கே போய்விடக்கூடும். அதனால் உள்ளூர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், செவிலியர் ஆகியோரின் எண்களும் கையில் இருக்கட்டும். எந்தப் பாறையில் ஏறினால் சிக்னல் கிடைக்கும் என்பது வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

தூக்கி வர வேண்டியிருந்தால், வலுவான இரண்டு மூங்கில்களும் கெட்டியான கம்பளியும் முன்பே தயாராக இருக்கட்டும். இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வையுங்கள். மாற்றிச் சுமக்க எட்டுப் பேராவது உடன் வர வேண்டும், டார்ச் விளக்கு முன்னால் ஒருவர் கையில் இருக்க வேண்டும். வலியைக் கூட்டும் ஊசியை வீட்டில் யார் போட முன்வந்தாலும் அனுமதிக்காதீர்கள்; கருப்பை கிழிந்துபோகக்கூடும்.

வழியிலேயே பிள்ளை பிறந்துவிட்டால், துடைத்துத் தாயின் மார்போடு ஒட்டி வைத்து இருவரையும் போர்த்துங்கள். கைக்குக் கிடைத்த பிளேடால் தொப்புள்கொடியை அறுக்க வேண்டாம், நஞ்சுக்கொடியை இழுக்கவும் வேண்டாம். தாயையும் சேயையும் அப்படியே கொண்டுசெல்லுங்கள்.

மருத்துவமனையிலும் அதன் பிறகும்

2011இல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, வீடு திரும்பும் வண்டி அனைத்தும் இலவசம். குழந்தையைக் காட்டவும் சக்கர நாற்காலியைத் தள்ளவும் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. 104இல் புகார் சொல்லலாம். வேறு மருத்துவமனைக்கு அனுப்பினால், என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தார்கள் என்று எழுதிய பரிந்துரைச் சீட்டை வாங்காமல் கிளம்பாதீர்கள். அங்கே முன்கூட்டித் தொலைபேசியில் சொல்லும்படியும் கேளுங்கள்.

பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததும் அன்றே ஊர் திரும்பும் வழக்கம் ஆபத்தானது. உதிரப்போக்கும் வலிப்பும் பெரும்பாலும் முதல் இரண்டு நாட்களுக்குள்ளேயே வருகின்றன. குறைந்தது 48 மணி நேரம் தங்கி, பிறகு 102 தாய் சேய் வண்டியில் திரும்புங்கள்.

ஊர் கேட்க வேண்டியது

கிராம சபையில் “வசதி இல்லை” என்ற பொதுவான தீர்மானம் அலமாரியில்தான் தூங்கும். ஒவ்வொரு பிரசவத்துக்கும் அழைத்த நேரம், வண்டி வந்த நேரம், மருத்துவமனையை அடைந்த நேரம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வைத்து, அதன் நகலோடு தீர்மானம் போடுங்கள். பேறுகால மரணம் நேர்ந்தால் மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆய்வு நடக்கும், குடும்பத்தினரும் அழைக்கப்படுவார்கள். அங்கே போய் இந்த நேரங்களைச் சொல்லுங்கள். உயிர் தப்பிய பிரசவங்களின் நேரங்களையும் அதே நோட்டில் எழுதி வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுங்கள். வண்டியை எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று வாதாட அந்தப் பக்கங்களைவிட வலுவான சான்று ஊருக்கு வேறில்லை.