மின்னடுப்பு சூடாகவில்லையா? புது வீட்டில் முதலில் பார்க்க வேண்டியவை

தீயைப் பார்த்தே சமைத்துப் பழகியவர்களுக்கு, வெளிநாட்டு வீட்டின் கறுப்புக் கண்ணாடி அடுப்பு பிடிபடக் கொஞ்ச நாள் ஆகும். அதற்குள் அது சூடாகவில்லை என்றால் அடுப்பு பழுதா, நமக்குத்தான் இயக்கத் தெரியவில்லையா என்று குழம்பிப் போவோம். ஆள் கூப்பிடுவதற்கு முன் நீங்களே பார்க்கக்கூடியது நிறைய இருக்கிறது. கை வைக்கவே கூடாத இடங்களும் உண்டு.

முதலில் உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பாருங்கள். சுருள் சுருளாகக் கம்பி வெளியே தெரிந்தால் காயில் அடுப்பு. கண்ணாடிக்கு அடியில் சிவப்பாக எரிந்தால் செராமிக் அடுப்பு. கண்ணாடி சிவக்காமல் பாத்திரம் மட்டும் சுட்டால் இண்டக்ஷன். மூன்றின் கோளாறுகளும் வேறு வேறு.

அடுப்பு முழுவதுமே செத்துக் கிடந்தால் சுவரைப் பாருங்கள். பிரிட்டன் போன்ற இடங்களில் அடுப்புக்கென்று தனியாகப் பெரிய ஸ்விட்ச் ஒன்று சுவரில் இருக்கும். முன்பு குடியிருந்தவர்கள் அதை அணைத்துவிட்டுப் போயிருக்கலாம். அதுவும் சரி என்றால் பிரேக்கர் பெட்டி, அதாவது கோளாறு வந்தால் தானாக அணையும் ஸ்விட்சுகள் (பிரேக்கர்) இருக்கும் பெட்டி. அப்படித் தானாக அணைந்த (ட்ரிப் ஆன) பிரேக்கரின் நெம்பு சில வகைகளில் நடுவில் நிற்கும். முழுவதும் அணைத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும். போட்டவுடன் திரும்பவும் விழுந்தால் விட்டுவிடுங்கள். உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கலாம் என்று அது சொல்கிறது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஆபத்து.

வட அமெரிக்காவில் ஒரு விசித்திரத்தைப் பார்க்கலாம்: அடுப்பின் கடிகாரம் ஓடும், ஆனால் எந்த பர்னரும் சூடாகாது. அங்கே அடுப்புக்கு 240 வோல்ட், இரண்டு கம்பிகளாகப் பிரிந்து வருகிறது. ஒன்று அறுந்தாலும் 120 வோல்ட்டில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். அடுப்பின் மேல் பழி போட வேண்டாம். பிரேக்கரையும் இணைப்பையும்தான் சோதிக்கச் சொல்ல வேண்டும். அங்கே சாதாரண ப்ளக்கில் 120 வோல்ட்தான் வரும் என்பதால், 230 வோல்ட்டுக்குச் செய்த சிறிய இண்டக்ஷன் அடுப்பைப் பெட்டியில் எடுத்து வந்து அதில் செருகினால் அது ஒழுங்காக வேலை செய்யாது.

இண்டக்ஷன் பற்றிய புகார்களில் பாதி, பாத்திரத்தைப் பற்றிய புகார்தான் என்பது என் எண்ணம். அடியில் காந்தம் ஒட்டாத பாத்திரம் அதில் சுடாது. அலுமினியம், செம்பு இரண்டும் அப்படித்தான். அடி மிகச் சிறியதாக இருந்தாலும் அடுப்பு அதைக் கண்டுகொள்ளாது. பூட்டு அடையாளமோ 'எல்' எழுத்தோ தெரிந்தால் பெரும்பாலும் சைல்டு லாக். அந்தப் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் திறக்கும். 'எச்' என்றால் கண்ணாடி இன்னும் சூடாக இருக்கிறது, அவ்வளவுதான். தொடும் இடத்தில் தண்ணீர் சிந்தினால் தானாக அணைந்துவிடும், துடைத்துவிட்டுப் போடுங்கள். பாதிச் சமையலில் அடிக்கடி நின்றால், காற்றோட்டம் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். கீழே உள்ள டிராயரில் காகிதமும் துணியும் திணித்திருந்தால் காற்று வராது. எண்ணோடு வரும் எரர் கோடுகளுக்குக் கையேடுதான் துணை; ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பொருள்.

செராமிக் அடுப்பில் சிவப்பு வருவதும் போவதும் பழுதல்ல, வெப்பத்தை அளவாக வைப்பதே அப்படித்தான். குறைந்த சூட்டில் வைத்தும் விடாமல் சிவந்துகொண்டே இருந்தால்தான் கவலைப்பட வேண்டும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிரேக்கரை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டில் நாமே சரிசெய்யக்கூடியது என்றால் காயில் அடுப்புதான். ஒரு பர்னர் மட்டும் சுடவில்லையா? பிரேக்கரை அணையுங்கள். குமிழைத் திருப்பி அணைத்தது போதாது, உள்ளே மின்சாரம் இருக்கக்கூடும். நன்றாக ஆறியதும் காயிலைச் சற்றுத் தூக்கி இழுத்தால் கழன்று வரும். அதே அளவுள்ள இன்னொரு காயிலை அந்த இடத்தில் மாட்டி, பிரேக்கரைப் போட்டுப் பாருங்கள். அது சுட்டால் பழைய காயில் போய்விட்டது. அதுவும் சுடவில்லை என்றால் காயில் செருகும் சாக்கெட்டோ ஸ்விட்ச்சோ காரணம். மின்தடையை (ஓம்) அளக்கும் மல்டிமீட்டர் இருந்தால் கழற்றிய காயிலின் இரு முனைகளையும் அளக்கலாம்: 240 வோல்ட்டில் 2400 வாட் எடுக்கும் காயில் 24 ஓம், 1200 வாட் என்றால் 48 ஓம். ஆறியிருக்கும்போது சற்றுக் குறைவாகவும் காட்டலாம். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்துவிட்டது.

நாங்கள் குடிவந்த வீட்டில் பின்பக்கக் காயிலை மாற்றிய இரண்டே வாரத்தில் புதியதும் விட்டு விட்டு எரிந்தது. கழற்றிப் பார்த்தபோது சாக்கெட் உள்ளே கருகிக் கிடந்தது. புதுக் காயிலின் முனையும் கறுத்துவிட்டது. அதனால் சொல்கிறேன், முனை கருகியிருந்தால் காயில், சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றச் செய்யுங்கள். சாக்கெட்டின் கம்பிகளைச் சூடு தாங்கும் பீங்கான் இணைப்பால்தான் சேர்க்க வேண்டும். சாதாரண இன்சுலேஷன் டேப் உருகிவிடும். அந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் எலெக்ட்ரீஷியனிடம் விட்டுவிடுவதே நல்லது.

கண்ணாடியில் விரிசல் கண்டால், அடுப்பு நன்றாக எரிந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள். சிந்தும் நீர் அதன் வழியே உள்ளே இறங்கினால் ஷாக் அடிக்கும். பசை வைத்து ஒட்டுவதில் பயன் இல்லை.

வாடகை வீடு என்றால் எதையும் கழற்றுவதற்கு முன் வீட்டு உரிமையாளருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள், படத்தோடு. உத்தரவாதக் காலத்தில் இருக்கும் அடுப்பைத் திறந்தால் உத்தரவாதமே போய்விடலாம். ஆள் வருவதற்கு முன் மாடல் எண்ணைக் குறித்து வையுங்கள். ஓவனோடு சேர்ந்த அடுப்பில் கதவைத் திறந்தால் சட்டத்திலோ, கீழ் டிராயரை இழுத்தால் உள்ளேயோ ஸ்டிக்கர் இருக்கும். எந்த பர்னர், எப்போதிலிருந்து, எரர் கோடு என்ன என்பதையும் சேர்த்துச் சொன்னால், தேவையான பாகத்தோடு முதல் தடவையே வந்து முடித்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம்.