கடலோர ஊரில் கவுன்சிலர் தேர்தல்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரை ஊர்களில் கோட்டில் ரோசெட் என்ற கட்சி நிற ரிப்பன் பூவைக் குத்திக்கொண்டு புது முகங்கள் தெருவுக்கு வந்துவிடுகின்றன. எங்கள் வொர்த்திங்கில் 13 வார்டுகள், 37 கவுன்சிலர்கள். 2017 ஆகஸ்டில் மரைன் வார்டு இடைத்தேர்தலில் பெக்கி கூப்பர் ஜெயித்தபோது, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த கவுன்சிலில் ஓர் இடம்கூட இல்லாத லேபர் கட்சி உள்ளே வந்தது. 2022 மே மாதம் கவுன்சிலே அந்தக் கட்சியின் கைக்குப் போனது. பெக்கி கூப்பர் இப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அதைப் பார்த்ததிலிருந்து எல்லாக் கட்சியிலும் 'நாமும் நின்று பார்த்தால் என்ன?' என்று கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கூத்தை அவர்களும் அப்படியே செய்வதைப் பார்க்கத்தான் பொறுக்கவில்லை.

கேட்டைச் சாத்திவிட்டு வா, நாயிடம் கையை நீட்டாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அது தானாக வந்துவிடும்.

கடற்கரையில் மேசை போடுவது

வெயில் அடிக்கும் சனிக்கிழமை, கடலுக்குள் நீளும் பியர் பாலத்தருகே நல்ல கூட்டம். மேசையைப் போட்டு, பலூன் கட்டி, நாள் முழுக்க நோட்டீஸ் கொடுக்கலாம். வாங்குகிறவர்களில் பாதிப்பேர் லண்டனிலிருந்து ரயிலேறி வந்தவர்கள். மாலையில் திரும்பிப் போய்விடுவார்கள். போட்டோ அழகாக வரும், வாக்கு வராது. அந்த நேரத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாலு தெரு உள்ளே போங்கள்.

ஒன்று மட்டும் பாருங்கள். இங்கே இரண்டாவது வீடு வைத்திருப்பவர் எல்லாரையும் 'வெளியூர்க்காரர்' என்று ஒதுக்க வேண்டாம். உண்மையிலேயே இரண்டு ஊரிலும் மாறி மாறி வசிப்பவர் இரண்டு இடத்திலும் வாக்காளர் பட்டியலில் இருக்க முடியும். இரண்டும் வேறு வேறு கவுன்சில் என்றால் இரண்டிலும் வாக்களிக்கவும் முடியும்.

யார் வேலை எது என்று தெரியாமல் வாக்குறுதி கொடுப்பது

வொர்த்திங் போன்ற ஊர்களில் இரண்டு அடுக்கு நிர்வாகம். குப்பை எடுப்பது, பூங்கா, கடற்கரை, கட்டட அனுமதி எல்லாம் ஊரளவிலான பரோ கவுன்சில். ரோட்டுப் பள்ளம், பள்ளிக்கூடம், முதியோர் பராமரிப்பு எல்லாம் மாவட்ட அளவிலான கவுண்டி கவுன்சில். பரோ தேர்தலில் நின்றுகொண்டு 'பள்ளத்தை மூடுவேன்' என்று அச்சடிக்கிறவரை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கடலில் கழிவுநீர் கலப்பது இரண்டு கவுன்சிலின் கையிலும் இல்லை. அது தண்ணீர் கம்பெனியின் வேலை. 2021-இல் இதற்காகவே சதர்ன் வாட்டர் என்ற தண்ணீர் கம்பெனிக்கு 9 கோடி பவுண்ட் அபராதம் விதித்தது நீதிமன்றம். கழிவுநீரை எதிர்த்துக் குரல் கொடுப்பேன் என்று சொல்லுங்கள், நிறுத்திக் காட்டுவேன் என்று சொல்லாதீர்கள். தினமும் கடலில் நீந்துகிற பாட்டிமார்களுக்கு இந்த விஷயம் உங்களைவிட நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமைதான் தேர்தல் என்று நினைப்பது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

மே மாத வியாழக்கிழமை காலை 7 மணிக்குச் சாவடி திறக்கும், இரவு 10 மணிக்கு மூடும். புதியவர்கள் அந்த ஒரு நாளைக் குறித்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் பின்னாலிருந்து திட்டமிடுகிறார்கள். பெரிய நோட்டீஸ் கடைசி வாரம், கூட்டமாகக் கதவு தட்டுவது கடைசி சனி ஞாயிறு. ஆனால் தபால் வாக்குச்சீட்டு ஏப்ரல் நடுவிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த கடலோர வார்டில் யார் அதைக் கேட்டு வாங்குவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வந்த அன்றே தேநீர் மேசையில் வைத்து நிரப்பி, மறுநாள் நடைக்குப் போகும்போது தபால் பெட்டியில் போட்டுவிடுவார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் இளைஞருக்கு உதவப் போயிருந்தேன். துடிப்பான பையன், நல்ல பேச்சு. வரவேற்பறையில் நாலு பக்க வண்ண நோட்டீஸ் பெட்டி பெட்டியாக இருந்தது. ஏன் தம்பி இன்னும் போடவில்லை என்று கேட்டேன். "இப்பவே போட்டா மறந்துடுவாங்க அண்ணே, கடைசி வாரம் போட்டாத்தான் மனசுல நிக்கும்" என்றான். அன்று மதியம் கடலைப் பார்த்த ஓர் அடுக்ககத்துக்குப் போனோம். மூன்றாம் மாடியில் கதவைத் திறந்த அம்மையார் அவனை மேலும் கீழும் பார்த்தார். போன வாரமே போட்டாகிவிட்டது என்றார். அப்புறம் அவன் ரோசெட்டைப் பார்த்து, "ஓ, அந்தப் பெயர் நீங்கள்தானா? யார் என்றே தெரியவில்லை, அதனால் எப்போதும் போடுவதற்கே போட்டுவிட்டேன்" என்றார். அந்த மாடி முழுக்க இதே கதை. பையன் கொஞ்சம் வாக்கில்தான் தோற்றான். நோட்டீஸில் இரண்டு பெட்டியைப் பிரிக்கவே இல்லை.

இதற்கு மந்திரம் ஒன்றும் இல்லை. தபால் வாக்காளர் பட்டியல் வேட்பாளருக்குக் கிடைக்கும். தேர்தல் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சீட்டு எந்த நாளில் அனுப்பப்படுகிறது என்றும் கேளுங்கள். உங்கள் நிஜமான தேர்தல் நாள் அதுதான். அதற்கு முன்பே அந்தக் கதவுகளைத் தட்டியிருக்க வேண்டும், நோட்டீஸும் உள்ளே விழுந்திருக்க வேண்டும். நாடாளுமன்றத் தேர்தலைப் போல இதில் இலவசத் தபால் கிடையாது, ஒவ்வொன்றையும் கையால்தான் போட வேண்டும். பழைய மாளிகைகளைப் பிரித்துக் கட்டிய வீடுகளில் ஒரு வாசலுக்கு எட்டு அழைப்பு மணி இருக்கும். தரைக்குக் கீழே இருக்கும் வீட்டுக்குத் தனிப் படி இறங்கும். தபால் துவாரத்தில் முள் போன்ற பிரஷ், உள்ளே நாய். சமையலறை மரக்கரண்டி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு அதால் தள்ளுங்கள், விரல் பிழைக்கும்.

அடுத்து, உறையைத் தொடாதீர்கள். "அப்படியே கொண்டுபோய்ப் போட்டுடுறீங்களா?" என்று நீட்டுவார்கள். இரக்கப்பட்டு வாங்கிவிடுவார் புதியவர். 2024 மே முதல், பிரசாரகர் தன் நெருங்கிய உறவினர் அல்லது தான் பராமரிப்பவர் தவிர வேறு யாருடைய தபால் வாக்கையும் கையாள்வது குற்றம், சிறைவரை போகலாம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எந்தத் தெரு முனையில் தபால் பெட்டி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வாயால் சொல்வதில் தப்பே இல்லை. தபால் வாக்குச்சீட்டோடு ஒரு படிவம் இருக்கும், அதில் பிறந்த தேதியும் கையெழுத்தும் கேட்பார்கள். பல பெரியவர்கள் பழக்கத்தில் அன்றைய தேதியை எழுதிவிடுகிறார்கள், வாக்கு தள்ளுபடி. 2017-இல் நார்தம்பர்லாந்தின் சவுத் பிளைத் வார்டில் இரண்டு வேட்பாளர்கள் சம வாக்கு வாங்கி, கடைசியில் குச்சி இழுத்துத் தீர்த்தார்கள். தோற்ற கட்சிக்கு ஓர் இடம் குறைந்து கவுண்டியில் பெரும்பான்மையே போனது. அந்த வார்டில் ஒரே ஒரு பெரியவர் தேதியைச் சரியாக எழுதியிருந்தால் என்று நான் சொல்லும்போது சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்னொன்று, தபால் வாக்கை இப்போது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 'எனக்குத் தானாக வரும்' என்று காத்திருப்பவரை இலையுதிர் காலத்திலேயே கண்டுபிடியுங்கள்.

வேட்புமனுவைக் கடைசி மதியம் கொண்டுபோவது

கடைசி நேரம் தேர்தலுக்கு 19 வேலைநாள் முன்பு, மாலை 4 மணி. 4:01 கிடையாது. முன்மொழிபவர், வழிமொழிபவர் இருவரும் அதே வார்டு வாக்காளர்களாக இருக்க வேண்டும். அவர்களின் வாக்காளர் பட்டியல் எண்ணை நினைவிலிருந்து எழுதாதீர்கள்.

பெயரைப் பார்த்து வீட்டைத் தாண்டிப் போவது

இது நம்மவர்களிடமும் இருக்கிறது. கேர் ஹோமில் வேலை பார்க்கும் கேரள நர்ஸ், கடை வைத்திருக்கும் இலங்கைத் தமிழர், இவர்களுக்கு வாக்கு இருக்காது என்று தாண்டிவிடுகிறார்கள். காமன்வெல்த் குடிமக்கள் இங்கே முறைப்படி வசித்தால், விசாவில் இருந்தாலும், பட்டியலில் சேர்ந்து வாக்களிக்கலாம். சாவடியில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டே அடையாள அட்டையாகச் செல்லும். ஆனால் வேட்பாளராக நிற்க நிரந்தர வசிப்புரிமையோ குடியுரிமையோ வேண்டும். 'வாக்கு இருக்கிறதே, நிற்கலாம்தானே?' என்று மனு வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடையாள அட்டை

சாவடியில் முதியோர் பஸ் பாஸ் செல்லும். பேரனுடைய ரயில்கார்டு செல்லாது.

அச்சிட்டவர், வெளியிட்டவர் முகவரி இல்லாத நோட்டீஸ்

சட்டப்படி தவறு. இப்போது முகநூல் விளம்பரத்திலும் வெளியிட்டவர் முகவரி இருக்க வேண்டும்.

தோற்றால் வேலை முடிந்தது என்று நினைப்பது

முடிவு வந்து 35 நாளுக்குள் செலவுக் கணக்கு போய்ச் சேர வேண்டும். ஒரு பென்னிகூடச் செலவழிக்கவில்லை என்றாலும், 'ஒன்றுமில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும்.